டெய்லர் கடை திறந்தாயிற்று

பிப்ரவரி 9

அக்கா,

பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஐந்து வருடங்களுக்கு முன்பு வழியில் எங்கோ இறங்கிப் போய்விட்ட நமது டெய்லர், இன்று காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்திற்கு முதலாம் நடைமேடையை வந்தடைந்தார் என்பதை மிகுந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தாமதத்திற்கு வருந்துகிறோம். வருந்துவது நாங்கள், தாமதம் அவருடையது.

டெய்லர் என்றதும் தெருமுனையில் பட்டன் தைக்கிறவரை நினைத்துக்கொள்ளாதே. நம் டெய்லர். எந்த வீடியோவைக் கொடுத்தாலும் அளவெடுத்து வெட்டி, எந்த டிவிக்கும் எந்த போனுக்கும் பொருந்துகிற மாதிரி இலவசமாகத் தைத்துக் கொடுக்கும் நிரல். ஐகானில் கத்தரிக்கோல் இருக்கிறது என்று நீதான் அந்தப் பெயரை வைத்தாய். அதை ஒற்றை ஆளாக எழுதிய மனிதர், கண் வலிக்கிறது, கொஞ்ச நாள் ஓய்வு என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் காணாமல் போனார் அல்லவா? கண் தேறிவிட்டதாம். புதுப் பதிப்பு வந்துவிட்டது. நம் பழைய லேப்டாப்பிலேயே ஓடுகிறது.

பயனர் மன்றத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண வீடு தோற்றது. ஒருவர் எழுதியிருக்கிறார்: முதல் தடவை இதில் மாற்றியது மகள் தொட்டிலில் கிடந்த படம், இன்று அந்த மகள்தான் புதுப் பதிப்பை இறக்கிக் கொடுத்தாள் என்று. இன்னொருவர், நீ இல்லாத ஐந்து வருடமும் படத்தின் மேல் முத்திரை குத்துகிற கடைகளில் மாட்டிக்கொண்டு முழித்தோமே, எங்கேய்யா போயிருந்தாய் என்று உரிமையோடு திட்டுகிறார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வெறும் கைதட்டல் படமாக நாற்பது போட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன்.

இதில் உன் பங்கு என்னடா என்று நீ கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்வேன். நான் எழுதிய ஒரு கடிதத்தைப் படித்துத்தான் மனிதர் மனம் இளகிக் கடையைத் திறந்தார் என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. வட்டாரம் நான்தான். நம்பத்தகுந்தது என்று சொல்வதும் நான்தான்.

நிறுவி முடித்ததும், ஒவ்வொரு டிவிக்கும் போனுக்கும் நாம் பெயர் போட்டுச் சேமித்து வைத்த அளவுகள் எல்லாம் அப்படியே வந்து வரிசையாக நின்றன. ‘சலூன் டிவி’, ‘பல் டாக்டர்’, ‘அப்பா போன்’, ‘பொடி’. சலூன்காரர் ஞாபகம் இருக்கிறதா? அவர் மகன் ஓட்டப்பந்தயத்தில் ஓடிய படத்தை நான் பின்பக்கமாக ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். கடையில் பத்துப் பேர் முன்னால் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, “தம்பி, என் பையன் ஜெயிச்ச கோப்பையைத் திருப்பிக் குடுத்துட்டுல்ல வரான்” என்றார். நீ சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினாய். அப்போது நாம் நல்ல கூட்டாளிகள்.

போனில் என்னை முடக்கி வைத்திருப்பதால் இப்படி மின்னஞ்சலில் வருகிறேன். வாசலுக்குப் பூட்டு என்றால் ஜன்னல்.

இப்படிக்கு,
வாலு


பிப்ரவரி 12

வாலு,

ஜன்னலைச் சாத்தாமல் விட்டது என் தப்பு.

உன் செய்தியை வேலைக்கு நடுவில் படித்தேன். இங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை பத்து மணிவரை தலை நிமிர முடியாது. குழாய் குழாயாக வரும், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்ட வேண்டும். ஒன்று மாறினாலும் ஒருவர் நோய் இன்னொருவர் தலையில் ஏறிவிடும். நான் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை பார்த்துத்தான் ஒட்டுகிறேன். அதனால் எனக்கு இங்கே பெயரே ‘மூணு தடவை’ ஆகிவிட்டது. “மூணு தடவை, சாப்பிட வரியா?” என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முன்பு நான் அப்படி இல்லை. ஒரு தடவை பார்ப்பேன், முடித்துவிடுவேன். எப்போதிலிருந்து மாறினேன் என்று உனக்குத் தெரியும்.

வரிசையாக நின்ற அளவுகளில் ஒன்றை நீ எழுதவில்லை. முக்கியமான படங்களுக்கென்றே வைத்திருந்த ‘பத்திரம்’. மறந்துவிட்டாயா, எனக்காக விட்டாயா? எனக்காக என்றால் வேண்டாம். நான் தினமும் நினைக்கிறேன்.

ஊரில் பாதிப் பேருக்கு அம்மாவின் குரல் தெரியும். பத்தொன்பது வருடம் பேருந்து நிலையத்தில் அவள் சொல்லித்தான் எல்லோரும் வண்டி ஏறினார்கள். ஆனால் கேமராவைக் கண்டால் ஓடி ஒளிவாள், அவளுடையது பட்டன் போன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம், பக்கத்து வீட்டுக் கேமராவை இரவல் வாங்கி அவளே உட்கார்ந்து பேசிய அந்தப் பதினோரு நிமிடம் மட்டும்தான் நம்மிடம் இருந்தது. அவள் திரும்பி வராததால் இரண்டு வருடம் அதை யாரும் திறக்கவில்லை. அப்புறம் அப்பா ஒருநாள் டிவியில் பார்க்க வேண்டும் என்று மெல்லக் கேட்டார். நான் மாற்றினேன்.

நம் வழக்கம்தான். மாற்று, முதல் பத்து விநாடி பார், சரியாக இருந்தால் மூலத்தை அழி. அந்த லேப்டாப்பில் இடம் எப்போதும் பற்றாது. அம்மாவோ முதல் நாற்பது விநாடி வாயே திறக்க மாட்டாள். கண்ணாடியைத் துடைப்பாள், முடியை ஒதுக்குவாள், ஓடுகிறதா என்று கண்ணால் கேட்பாள். மைக் முன்னால் உட்கார்ந்த பழக்கத்தில் மின்விசிறியைக்கூட நிறுத்தச் சொல்லியிருந்தாள். பத்து விநாடி பார்த்தேன், அமைதியாக இருந்தது, இருக்கத்தானே வேண்டும். மூலத்தை அழித்தேன். குப்பையையும் காலி செய்தேன். சாயங்காலம் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தபோது அம்மா வாயை அசைத்தாள், சத்தம் வரவில்லை. அளவில் இருக்கும் அத்தனை டிக்குகளில் எதைத் தவறுதலாக எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. முந்தின நாள், முப்பது விநாடியை மட்டும் மாற்றிக் காட்டுகிற ட்ரையல்கூடப் பார்த்ததாக ஞாபகம். அந்த ஞாபகத்தையும் இப்போது நம்ப முடியவில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊமைப் படத்தைப் போட்டு உதட்டைப் படிக்கப் பார்க்கிறேன். ‘பெரியவளே’ என்பது மட்டும் தெரிகிறது.

ஒரே ஒரு கேள்வி. அளவுகள் வந்தன என்றாய். எந்த வேலையை எப்போது எப்படிச் செய்தோம் என்ற பழைய பட்டியலும் வந்ததா?

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

முதலில் முக்கியச் செய்தி. டெய்லர் எனக்குப் பதில் எழுதினார். எனக்கே. உங்களைப் போன்றவர்கள் காத்திருந்ததால்தான் திரும்பி வந்தேன் என்றார். மன்றத்தில் என் மதிப்பு விண்ணைத் தொட்டு, அங்கே தலை இடித்துக்கொண்டு நிற்கிறது.

பட்டியல் பற்றிக் கேட்டாய். லேப்டாப்புக்கு உடம்பு சரியில்லை. பேட்டரி வீங்கிவிட்டது. நானாவது பரவாயில்லை, பரீட்சை வந்தால்தான் முகம் வீங்கும். கடைக்கு அனுப்ப வேண்டும். கடைக்காரர் ஊரில் இல்லை. வந்ததும் பார்க்கிறேன். அதுவரை அதைத் தொடக் கூடாதாம், வெடித்தாலும் வெடிக்குமாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் வேறொன்று நினைவுக்கு வந்தது. அம்மா வேலை முடிந்து வந்து நம்மைச் சாப்பிடக் கூப்பிடுவதும் அறிவிப்பாகத்தான் இருக்கும். “அடுப்படியிலிருந்து புறப்படும் கடைசித் தட்டு இன்னும் ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடும்.” நீ புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருப்பாய். “பெரியவள் என்ற பயணி எங்கிருந்தாலும் உடனே வரவும்.” நான் அதே மாதிரிக் குரல் மாற்றிப் பேசிப் பார்த்தேன், நேற்று. கழுதை கத்துகிற மாதிரி இருக்கிறது. குரல் உடைந்துவிட்டது அக்கா. இரண்டு வருடத்திற்கு முன்பு உடையாமல் இருந்தபோது கொஞ்சம் அவள் மாதிரியே வரும்.

இப்போது நிலையத்தில் இயந்திரம் பேசுகிறது. எல்லா ஊர்ப் பெயரையும் ஒரே மாதிரிச் சொல்கிறது. அம்மா தூரத்து ஊர்ப் பெயரைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வாள், பக்கத்து ஊரைச் சட்டென்று முடிப்பாள்.

வாலு


பிப்ரவரி 20

வாலு,

நேற்று அப்பாவிடம் பேசினேன். மருந்துக்கடையிலிருந்து வந்து தினமும் அந்த லேப்டாப்பில்தான் மேட்ச் பார்க்கிறாராம். பேட்டரி வீங்கிவிட்டதா என்று கேட்டேன். “உன் தம்பி மூஞ்சிதான் ஒரு வாரமா வீங்கியிருக்கு” என்றார்.

உன் பொய்யில் எனக்குக் கோபமில்லை, பழகிவிட்டது. ஆனால் இது விளையாட்டில்லை, அதனால் ஒருமுறை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

நான்தான் செய்தேன் என்பது எனக்குத் தெரியும். எப்படிச் செய்தேன் என்பது தெரியவில்லை. அது தெரியாததால் எதைத் தொட்டாலும் கை கூசுகிறது. மூன்று முறை பார்க்கிறேன் என்று பெருமையாக எழுதியதாக நினைத்தாயா? போன மாதம் ஒரு குழாயை ஏழு முறை பார்த்தேன். பின்னால் வரிசையில் நின்றவர் சலித்துப்போய், “அம்மா, அதுல என் பேர்தான் இருக்கு, நானே சொல்றேன்” என்றார்.

வேலை கிடைத்ததால் நான் ஊரை விட்டு வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னோம். அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதைத் தாங்க முடியாமல்தான் வந்தேன். அவர் சொல்லாததை நீ சொன்னாய். டிவி பக்கத்தில் பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, “நீதான் அவசரக்குடுக்கை, எல்லாத்தையும் உடனே அழிச்சிடுவ” என்றாய். உனக்குப் பதினாலு வயது. சின்னப் பையன் ஏதோ சொல்லிவிட்டான் என்று விட்டிருக்கலாம். விட முடியவில்லை, ஏனென்றால் அது உண்மை.

அந்தப் பட்டியலை அனுப்பு. எந்த டிக் என்று பார்த்துவிட்டால் போதும். இந்த வருடமாவது அம்மாவின் நாளுக்கு வீட்டுக்கு வர முடியுமா என்று பார்க்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

பரீட்சை நெருங்குகிறது. கணக்கில் நான் இருக்கும் நிலைமையில் கணக்கே என்னைப் பார்த்துப் பயப்படுகிறது. முடிந்ததும் அனுப்புகிறேன்.

வாலு


பிப்ரவரி 27

வாலு,

இனி உன்னைக் கேட்பதில்லை என்று முடிவு செய்து, எந்த டிக்காக இருக்கும் என்று நானே தேடிப் பார்க்கப் புதுப் பதிப்பை இங்கே என் கணினியில் இறக்கினேன். திறந்தவுடன் அதே கத்தரிக்கோல். நானும் நன்றி சொல்லலாம் என்று மன்றத்துக்குப் போனேன்.

டெய்லர் எழுதிய நன்றிக் குறிப்பு முதல் பக்கத்திலேயே இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் காத்திருந்ததால்தான் திரும்பி வந்தேன் என்று. எல்லோருக்கும் சேர்த்து எழுதியது. சரி, அதில் நீயும் ஒருவன்தானே என்று சிரித்துக்கொண்டேன்.

வாழ்த்துகளை ஒவ்வொன்றாகப் படித்தபடி போனேன். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒருவர் தன் அப்பா வண்டி ஓட்டிய படத்தை இதில்தான் காப்பாற்றினாராம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், வாழ்த்தே சொல்லாமல் ஒரு ஆள் நிற்கிறான். பெயர் ‘அறுந்தவால்’. மூன்று நாள் முன்பு எழுதியிருக்கிறான். அப்படியே கீழே தருகிறேன்:

‘ஐயா, ஒலி இல்லாமல் மாற்றிய படத்தில் ஒலியை மறுபடி கொண்டுவர புதுப் பதிப்பில் வழி உண்டா? மூலப் படம் இல்லை. என் தம்பி செய்த வேலை. அவன் விளையாட்டுக்கு ஒரு டிக்கை எடுத்து வைத்தான். தெரியாமல் வேறொருவர் அந்த அளவில் முக்கியமான படத்தை மாற்றிவிட்டார். தம்பி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவன் சார்பில் கேட்கிறேன். அவனை நல்லவன் என்று சொல்ல மாட்டேன்.’

பதில் இன்னும் வரவில்லை.

இதை நான் மூன்று முறை படித்தேன். பிறகு ஒரு தடவை.

நம் வீட்டில் நீதான் கடைசி. உனக்குத் தம்பி கிடையாது. எனக்குத்தான் உண்டு.

இது யாருடைய தம்பி?


மார்ச் 2

அக்கா,

உன் தம்பி.

இதை எழுதும் முன் நாலு தடவை ஆரம்பித்தேன். நாலு தடவையும் முதல் வரியிலேயே ஒரு ஜோக் வந்து உட்கார்ந்துகொண்டது. துரத்திவிட்டு எழுதுகிறேன்.

புதுப் பதிப்பை நிறுவிய அன்றே பழைய பட்டியலும் வந்தது. பேட்டரி வீங்கவில்லை. ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் அதன் டிக்குகளைக் கடைசியாக எப்போது தொட்டார்கள் என்று இப்போது காட்டுகிறது. ‘பத்திரம்’ பக்கத்தில் நீ அம்மா படத்தை மாற்றிய அந்த நாளே இருந்தது. நேரம் காலை ஏழு நாற்பது. அப்போது நீ குளித்துக்கொண்டிருந்தாய். படம் மாறத் தொடங்கியது பத்தேகாலுக்கு. அப்போது நான் பள்ளியில் இருந்தேன். நீ எந்த டிக்கையும் தொடவில்லை. ஒலி என்கிற டிக்கை எடுத்தது நான்.

நீ பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய படத்தை அன்று ‘பத்திரம்’ அளவில் மாற்றப் போவதாகச் சொன்னாய். மேடையில் நீ கையை ஆட்டி ஆட்டி வாயை மட்டும் அசைக்க வேண்டும், நான் தரையில் உருண்டு சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அப்பா கேட்டாரென்று நீ அம்மாவை முதலில் வைப்பாய் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் வந்து டிவியைப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. பையைக் கழற்றவில்லை என்று எழுதியிருந்தாயே, ஓடிவிடலாமா என்று நின்றேன். ஓடுவதற்குப் பதிலாக உன்மேல் பழியைப் போட்டேன். அது ஓடுவதைவிடச் சுலபமாக இருந்தது.

அப்புறம் நீ கிளம்பிப் போனாய். சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

டெய்லரைத் திரும்ப வரவழைத்தவன் நானில்லை. வந்தபின் ஓடிப்போய், போனதைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்ட மூவாயிரத்துச் சொச்சமாவது ஆள் நான். எனக்கு அவர் நேற்றுவரை பதில் எழுதவில்லை. இன்று காலை எழுதினார். இது நிஜமாகவே எனக்கு மட்டும்.

ஒலி இல்லாமல் மாற்றிய படத்தில் ஒலியை உண்டாக்க யாராலும் முடியாது, மன்னிக்கவும் என்றார். ஆனால் மாற்றும் முன் ட்ரையல் பார்த்திருந்தால், அந்த முப்பது விநாடித் துண்டைப் பழைய பதிப்பு அழிப்பதே இல்லை, ஒரு மறைவான கோப்புறையில் போட்டு வைத்திருக்கும். இடத்தை அடைக்கிறது என்று பல பேர் புகார் சொன்ன குறை அது, சோம்பேறித்தனத்தால் திருத்தாமல் விட்டேன், தேடிப் பாருங்கள் என்றார். கடைசியில், உங்கள் தம்பியிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

தேடினேன். நீ ட்ரையல் பார்த்திருக்கிறாய் அக்கா. முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு, படத்தின் நடுவிலிருந்து, ஒலியோடு. உன் ஞாபகம் சரி.

முதலில் அப்பாவிடம் போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, போட்டுக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார், எனக்குத்தான் அடி விழப் போகிறது என்று கண்ணை மூடினேன். “இன்னொரு தடவ போடு” என்றார். ஆறு தடவை போட்டேன். அப்புறம், “எங்கிட்ட சொல்லிட்ட, சரி. அவகிட்ட சொல்லுடா” என்றார். சட்டையை மடித்தார். அதில் பாதி இன்னும் சுருக்கமாகவே இருந்தது.

துண்டை இணைத்திருக்கிறேன். நீ கூடத்தில் இருந்தால் திறக்காதே, அறைக்குப் போய்க் கேள். எப்படியும் கேட்கத்தான் போகிறாய், இருந்தாலும் எழுதி வைக்கிறேன், நான் எதையும் மாற்றவில்லை என்று நீ சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு தடவை கேட்டால் போதும்.

‘…கேஸ மூடியாச்சான்னு உங்கப்பா நாலு தடவ பாப்பார், அவர விடு. பெரியவளே, நீ ஒரு தடவ பாத்தா போதும், நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். அப்புறம் சின்னவன். எதையாவது ஒடச்சிட்டான்னா உடனே போய்க் கேக்காத. பொய் சொல்லுவான், நல்லாவும் சொல்லுவான், நீ நம்பிடுவ. ஒரு ரெண்டு நாள் பேசாம விட்டுடு. அவனே வந்து நிப்பான்…’

அதோடு நின்றுவிடுகிறது.

அம்மா போட்ட கணக்கு இரண்டு நாள். எனக்கு இரண்டு வருடம் ஆனது. வந்து நிற்கிறேன் அக்கா. அம்மாவின் நாளுக்கு நீ வருகிற வண்டியின் நேரத்தை மட்டும் எழுது, நிலையத்தில் நிற்கிறேன்.

தாமதத்திற்கு வருந்துகிறேன். இந்தத் தடவை தாமதமும் என்னுடையதுதான்.

உன் தம்பி